தனிவழிப் பயணமும் ஏகத்துவ பாவனையும்
(தசலட்சண பர்வத்தின் ஒன்பதாம் நாளில் ஆற்றிய அறவுரை)





நம் ஊர் ஜினாலயங்களுள் எதற்குச் சென்றாலும் ஒரு பெண்ணிடம் முதலில் கேட்கப்படும் வினா ஒன்று உண்டு. "யாருடன் வந்தீர்கள்?" என்பதே அது. அன்பினால் கேட்கப்படும் வினாதான். வந்தவருக்கு உணவும் இடமும் வேண்டுமா என்று அறியும் அக்கறையும் அதனுள் உண்டு. ஆயினும், "தனியாகத்தான் வந்தேன்" என்று விடை கூறினால் கேட்டவர் முகம் சற்றே வாடிவிடும். "பிள்ளைகள் ஒருவரும் வரவில்லையா அம்மா?" என்று இரக்கத்துடன் வினவுவர். தனியே வருதல் ஒரு குறை, கைவிடப்பட்டோர்க்கு உரியது என்னும் எண்ணம் நம் உள்ளங்களில் ஆழப் பதிந்துள்ளது.

இன்று உத்தம ஆகிஞ்சன்யம் என்னும் அறத்தைச் சிந்திக்கும் நாள். எனது என்று கூறத்தக்கது ஆன்மாவையன்றி வேறொன்றும் இல்லை என உணர்தலே ஆகிஞ்சன்யம். பொன்னையும் நிலத்தையும் எனதன்று என்று எண்ணிப் பார்ப்பது ஓரளவு இயலும். உற்றாரையும் துணைவரையும் அவ்வாறு எண்ணிப் பார்ப்பது அரிதினும் அரிது. ஆகவே, தனித்துப் பயணம் செய்வதால் ஓர் இல்லறத்தார்க்கு விளையும் நன்மைகள் யாவை என்பதை இந்நாளில் உங்கள் முன் வைக்க விழைகின்றேன்.

நான்காவது பாவனை

நம் ஆசாரியர்கள் பன்னிரண்டு பாவனைகளை வகுத்துத் தந்துள்ளனர். அநித்தியம், அசரணம், சம்சாரம், ஏகத்துவம், அன்யத்துவம், அசுசி, ஆஸ்ரவம், சம்வரம், நிர்ஜரை, உலகம், போதிதுர்லபம், தர்மம் என்பன அவை. இவற்றுள் நான்காவதாகிய ஏகத்துவ பாவனையின் பொருள் யாது? உயிர் தனியே பிறக்கின்றது, தனியே இறக்கின்றது, தான் ஈட்டிய வினையின் பயனைத் தனியே துய்க்கின்றது, அவ்வினையை உதிர்த்து வீடு பெறுவதும் தனியே தான். தாயும் தந்தையும் மக்களும் வழியில் உடன் வருவோர். அவர்கள் நம் பசிக்கு உணவு தரலாம். நம் பசியை அவர்கள் உண்டு தீர்க்க இயலாது.

இவ்விடத்தில் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஏகத்துவம் என்பது வெறுப்பு அன்று. உறவினரைப் பகைத்துத் தனியே போய் அமர்ந்திருப்பவர் ஏகத்துவத்தைச் சிந்திப்பவர் ஆகார். பகையும் ஒரு துணையே. பகைத்தவரை நெஞ்சில் சுமந்துகொண்டு அவர் எங்குச் சென்றாலும் இருவராகவே செல்கின்றார். உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவன என்பதும் தத்துவார்த்த சூத்திரத்தின் போதனையேயாகும். உதவியை நன்றியோடு ஏற்றுக்கொண்டே, என் வினைக்கு நானே பொறுப்பு என்று தெளிவதுதான் இப்பாவனை.

ஆசிரியர் பணியில் இருந்த காலத்தில், விடுமுறை நாட்களில் நம் பிள்ளைகளுக்கு இப்பன்னிரு பாவனைகளையும் வரிசை பிறழாமல் மனப்பாடம் செய்வித்திருக்கின்றேன். ஒரு பிள்ளை தவறினால் மீண்டும் முதலிலிருந்து சொல்லச் செய்வேன். நான்காவதன் பொருளை நான் அறிந்ததோ பணி ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நாலாயிரவர் கதை

ஆதி பகவன் அரசு துறந்து தவம் மேற்கொண்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அவரோடு கச்சன், மகாகச்சன் முதலாக 4,000 அரசர்களும் துறவு பூண்டனர். ஏன் பூண்டனர்? பகவான் எதனை நாடிச் செல்கின்றார் என்று அவர்கள் அறியார். தலைவர் செல்லும் வழியில் நாமும் செல்வோம் என்னும் பற்று ஒன்றே அவர்களை இழுத்துச் சென்றது. பகவான் ஆறு மாதம் அசையாமல் நின்று தியானித்தார். நாலாயிரவரால் சில காலம்கூடப் பசியையும் நீர் வேட்கையையும் தாங்க இயலவில்லை. பகவானை விட்டு வீடு திரும்பினால் பரத மன்னன் சினப்பான் என்னும் அச்சம் ஒருபுறம். இங்கேயே நின்றால் உயிர் போகும் என்னும் அச்சம் மற்றொருபுறம். இறுதியில் காட்டுக் கனிகளையும் ஓடை நீரையும் நாடி, மரவுரி தரித்து, ஆளுக்கொரு வழியாகச் சிதறினர்.

பகவான் தம் வழியே சென்றார். முனிவர்க்கு உணவளிக்கும் முறையை அக்காலத்து மக்கள் அறிந்திலர். பொன்னும் மணியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து அவர் முன் நிறுத்தினர். ஒன்றையும் நோக்காமல் அவர் கடந்து சென்றார். அத்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறப்பு நினைவு வரப்பெற்று, கரும்பின் சாற்றை முறைப்படி அளித்தான். அந்நாளையே அட்சய திருதியையாகக் கொண்டாடுகின்றோம்.

இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தானத்தின் பெருமையோடு நிறுத்திக்கொள்கின்றோம். நாலாயிரவரை மறந்துவிடுகின்றோம். அவர்கள் தீயவர் அல்லர். பெரியவர் ஒருவரைப் பின்பற்றியவர்கள்தாம். ஆனால், அவர்கள் மேற்கொண்டது தங்கள் உறுதியை அன்று. பகவானுடைய உறுதியைக் கடனாகப் பெற்றிருந்தனர். கூட்டத்தோடு செல்கையில் நமக்குத் தோன்றும் பக்தியில் எவ்வளவு நம்முடையது, எவ்வளவு கடன் வாங்கியது என்று நம்மால் அறிய இயலாது. தனியே நடக்கும்போது அது தெரிந்துவிடுகின்றது.

வர்த்தமான மகாவீரரும் தம் முப்பதாம் அகவையில் இல்லம் நீங்கி, 12 ஆண்டுகளுக்கு மேல் தனியராகவே தவமியற்றினார். கேவல ஞானம் எய்திய பின்னரே கௌதமர் முதலிய 11 கணதரர்களும் பெருஞ்சங்கமும் அவரைச் சூழ்ந்தனர். தனிவழியில் பெற்ற ஞானத்தை அடுத்த 30 ஆண்டுகளும் அவர் எல்லா உயிர்களுக்கும் வாரி வழங்கினார். தனிமை அவரை உலகத்திலிருந்து பிரித்துவிடவில்லை என்பதை இதனால் உணரலாம்.

மதுபன் நோக்கி

இனி என் அனுபவத்தைக் கூறுகின்றேன். என்னைப் பற்றிக் கூறுவதில் எனக்கு விருப்பமில்லை. எனினும், இப்பொருளை நூல் வழியாக அறிந்ததினும் கால் வழியாக அறிந்ததே மிகுதி ஆதலின் கூற வேண்டியுள்ளது.

என் கணவர் 2010ஆம் ஆண்டில் காலமானார். அவருக்கு ஒரு விருப்பம் இருந்தது. தீர்த்தங்கரர் இருபதின்மர் வீடுபேறடைந்த சம்மேத சிகரத்தை ஒருமுறை தரிசிக்க வேண்டும் என்பதே அது. திருமணமான நாள் முதல் அவர் அதனைக் கூறி வந்தார். அதற்கென ஒரு தகரப் பெட்டியில் சிறிது சிறிதாகப் பணமும் சேர்த்தார். நானோ ஒவ்வோர் ஆண்டும் ஒரு காரணம் கூறினேன். பள்ளியில் தேர்வு, மகளின் திருமணம், மகனின் படிப்பு, மருமகளின் பேறுகாலம் என்று காரணங்களுக்குக் குறைவில்லை. "அடுத்த ஆண்டு போகலாம்" என்பேன். "சரி, உன் விருப்பம்" என்பார். ஒரு நாளும் அவர் என்னைக் கடிந்ததில்லை. அவர் மறைந்தபோது பெட்டியில் பணம் இருந்தது, பயணம் நடக்கவில்லை.

அவர் பொருட்டு நானாவது சென்று மலையேறிவர வேண்டும் என்று உறுதி கொண்டேன். 2012ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மகனும் நானும் செல்வதாக ஏற்பாடு. புறப்படுவதற்கு நான்கு நாட்களுக்கு முன் அவனுக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. "பயணத்தைத் தள்ளி வைப்போம் அம்மா. அந்தப் பக்கம் அமைதியில்லை என்று செய்தித்தாளில் எல்லாம் வருகின்றது. தனியாக எப்படிப் போவீர்கள்?" என்றான். "அடுத்த ஆண்டு போகலாம்" என்றும் சேர்த்துக் கூறினான். நான் முப்பதாண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வந்த அதே சொற்கள் அவன் வாயிலிருந்து வந்தன. அவற்றைக் கேட்டவுடன், தனியே போவது என்று முடிவு செய்தேன்.

காலையில் சென்னையிலிருந்து புறப்படும் ஹௌரா விரைவு வண்டியில் ஏறினேன். ஒரு பை, ஒரு போர்வை, வடிகட்டிய நீர், கட்டுச்சோறு, ஜெபமாலை ஆகிய இவ்வளவே என் உடைமை. கூட்டமாகச் சென்ற பயணங்களில் அரிசியும் பருப்பும் பாத்திரங்களும் மூட்டை மூட்டையாக வரும். அவற்றை எண்ணுவதும் பிள்ளைகளை எண்ணுவதுமே என் வேலையாக இருக்கும். அன்று எண்ணுவதற்கு ஒன்றுமில்லாமல் என் கைகள் தவித்தன.

பார்ப்பவர் இல்லாத இடத்தில்

கோதாவரிப் பாலத்தைக் கடந்தபின் பொழுது சாய்ந்தது. எதிர் இருக்கையில் ஒரு குடும்பத்தினர் இருந்தனர். நல்லவர்கள். இருட்டிய பின் அவர்கள் உணவுப் பொட்டலங்களைப் பிரித்து, எனக்கும் அன்போடு நீட்டினர். நெய் மணக்கும் இனிப்பு. எனக்கு நல்ல பசியும் இருந்தது. மறுத்தேன். இதில் என்ன புதுமை, நம் வீடுகளில் இரவில் உண்ணாமை இயல்புதானே என்று நீங்கள் கேட்கலாம்.

எனக்கு அது புதுமையாகவே இருந்தது. இளமையில் என் தாயார் அடுப்பை அணைத்துவிடுவார். பின்னர் என் மாமியார் அணைப்பார். அதன்பின் நானே அணைத்தேன். அடுப்பு அணைந்த வீட்டில் இரவு உண்ணாமை எளிது. அவ்விரதத்தை வீடுதான் காத்து வந்ததே தவிர, நான் காத்தேன் என்று கூற இயலாது. அந்த இரயில் பெட்டியில் என்னை அறிந்தவர் ஒருவருமில்லை. நான் உண்டிருந்தால் நம் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திராது. அறுபது வயதைக் கடந்த பின், அன்று மாலைதான் அவ்விரதம் என்னுடையதாயிற்று. தனிவழிப் பயணத்தின் முதல் நன்மை என்று இதனைக் கூறுவேன். நாம் கடைப்பிடிக்கும் ஒழுக்கங்களுள் நம்முடையவை எவை, ஊராரின் கண்களுக்கு உரியவை எவை என்று அது பிரித்துக் காட்டுகின்றது.

கொல்கத்தாவில் ஒரு தர்மசாலையில் இரவு தங்க வேண்டியிருந்தது. தனியே வந்த பெண்ணுக்கு அறை தருவது வழக்கமில்லை என்று எழுத்தர் கூறிவிட்டார். எனக்குச் சினம் மூண்டது. எத்தனை ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள், எத்தனை பேரை உருவாக்கியவள் என்றெல்லாம் நெஞ்சுக்குள் ஓர் உரை ஓடியது. அங்கு அவற்றை அறிந்தவர் யார்? தெரிந்த ஊரில் நம்மைச் சுற்றி ஒரு மதில்போல் நிற்கும் பெயரும் பதவியும் தெரியாத ஊரில் உதிர்ந்துவிடுகின்றன. மானக் கஷாயம் எனக்கு எவ்வளவு உண்டு என்று அந்த மரப்பலகையில் அமர்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் கண்டேன். பின்னர் இராஜஸ்தானத்து மூதாட்டி ஒருவர் எழுத்தரிடம் பேசித் தம் அறையிலேயே எனக்கு இடம் கொடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இந்தி சிறிதளவே தெரியும். ணமோகார மந்திரம் இருவருக்கும் தெரிந்திருந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஒருவர் கணக்கு ஒருவருக்கே

மறுநாள் பாரசநாத் நிலையத்தில் இறங்கி, மலையடிவாரமாகிய மதுபனை அடைந்தேன். சார்க்கண்டு மாநிலத்திலேயே உயர்ந்த மலை அது. ஏறத்தாழ 1,365 மீட்டர் உயரம். நாம் சிகரம் என்று தொழும் அம்மலையைச் சந்தாலி மக்களும் மராங் புரு என்று போற்றி வணங்குகின்றனர். ஏறுவதற்கு 9 கிலோமீட்டர், மேலே திருவடிக் கோயில்களைச் சுற்றிவர 9 கிலோமீட்டர், இறங்குவதற்கு 9 கிலோமீட்டர், ஆக 27 கிலோமீட்டர் என்பது அங்கு வழங்கும் கணக்கு. பின்னிரவு மூன்று மணிக்கு ஒரு மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு வெறுங்காலுடன் ஏறத் தொடங்கினேன்.

முன்னும் பின்னும் கூட்டங்கள் ஜெய கோஷமிட்டு ஏறின. என் நடை மெல்லிய நடை. அவர்கள் எல்லோரும் கடந்து சென்றபின் வழி அமைதியாயிற்று. கைவிளக்கின் ஒளி விழும் நான்கு முழ இடமே எனக்கு உலகம். அப்பொழுதுதான் முனிவர்க்குரிய ஈர்யா சமிதியை நினைத்தேன். முன்னே நான்கு முழ அளவு நிலத்தை நோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராதவாறு அடியெடுத்து வைத்தல் அவர்களுடைய ஒழுக்கம். பேசிக்கொண்டே நடக்கும் நாம் ஒரு நாளில் எத்தனை எறும்புகளை மிதிக்கின்றோம்! அன்று எறும்பின் வரிசை ஒன்று பாதையைக் கடந்ததைக் கண்டேன், நின்றேன், தாண்டிச் சென்றேன். வாழ்நாளில் நான் நடந்த நடைகளுள் தூய நடை அதுவே என்று நினைக்கின்றேன்.

விடிந்தபின் ஒவ்வொரு திருவடிக் கோயிலாக வணங்கி, இறுதியில் பார்சுவநாதர் முத்தியடைந்த உச்சிக்கு வந்தேன். "இந்தத் தரிசனத்தின் புண்ணியம் என் கணவரைச் சேரட்டும்" என்று கூறுவதற்காகவே நான் அவ்வளவு தொலைவு வந்திருந்தேன். திருவடிகளின் முன் அமர்ந்து வாய் திறந்தேன். சொல் வரவில்லை. ஏனெனில், அச்சொல் உண்மையன்று என்பது எனக்குத் தெரியும். ஒருவர் ஈட்டிய நல்வினையை மற்றொருவர் கணக்கில் சேர்க்க நம் அறத்தில் இடமில்லை. அதைத்தானே பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தேன்! அவருக்காக நான் மலையேற இயலாது. அவர் ஏறாத மலை ஏறாததுதான். அவர் எந்தக் கதியில் எந்த உடம்பில் இருப்பினும், தம் பயணத்தைத் தாமே தொடர்ந்துகொண்டிருப்பார்.

அப்படியானால் நான் எதற்காக அங்கு வந்தேன்? அவர் பெயரால் நான் இறக்கி வைக்க வந்தது என் பாவத்தையே என்று அப்போது புலப்பட்டது. அவருடைய விருப்பத்தை ஆண்டுதோறும் தள்ளிப்போட்டது என் வினை. அவர் கடிந்து கொள்ளாததையே வசதியாகக் கொண்டது என் வினை. பணியும் பிள்ளைகளும் உண்மையான காரணங்கள்தாம். எனினும், ஒரு கோடை விடுமுறையையேனும் ஒதுக்கியிருக்கலாம். நெடும்பயணத்தின் தொல்லைக்கு நான் அஞ்சினேன் என்பதே மெய். இவ்வளவையும் திருவடிகளின் முன் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் செய்தேன். இரண்டு நாழிகைக்கு மேல் ஆகியிருக்கும்.

சகோதரிகளே, நான் கூட்டத்தோடு வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் கண்ணீரைக் கண்டவுடன் யாரேனும் ஒருவர் தோளைத் தொட்டு, "அழாதீர்கள் அக்கா, அவரும் இங்கே நம்மோடுதான் இருக்கின்றார்" என்று கூறியிருப்பார். மகன் உடன் இருந்தால், "நீங்கள் என்ன செய்வீர்கள் அம்மா, எங்களுக்காகத்தானே இருந்தீர்கள்" என்றிருப்பான். அன்பான சொற்கள். அச்சொற்களைப் பற்றிக்கொண்டு நான் என் குற்றத்தைக் காணாமலே மலையிறங்கியிருப்பேன். ஆறுதல் கிடைத்திருக்கும், தெளிவு கிடைத்திராது. தனிவழியின் பெரும்பயன் இதுவே. நம்மைத் தேற்றுவோர் இல்லாத இடத்தில்தான் நம்மை நாம் உள்ளபடி காண்கின்றோம்.

இறங்கும்போது முழங்கால் மடங்கி ஓரிடத்தில் அமர்ந்துவிட்டேன். டோலி தூக்கும் முதியவர் ஒருவர், அன்று சுமை கிடைக்காமல் இறங்கி வந்தவர், "மாதாஜி" என்று அழைத்துக் கைகொடுத்தார். நெடுந்தொலைவு என் முழங்கையைத் தாங்கியபடியே வந்தார். என் கால்களால்தான் நான் இறங்கினேன். அவர் கை இன்றி இறங்கியிருக்க இயலாது. ஏகத்துவமும், உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலும் முரணானவை அல்ல என்பதற்கு இதனினும் தெளிவான உரை எனக்குத் தேவைப்படவில்லை.

ஓர் ஐயமும் விடையும்

"முனிவர்களே சங்கமாகத்தானே விகாரம் செய்கின்றனர்? இல்லறத்தார், அதிலும் பெண்கள், தனியே செல்லலாமா?" என்று சான்றோர் கேட்கலாம். நியாயமான ஐயமே. தவம், ஆகம ஞானம், உடல் வலிமை, மன உறுதி ஆகியவற்றில் முதிர்ந்த முனிவர்க்கே ஏகவிகாரம் உரியது என்றும், புதிதாகத் தீட்சை பெற்றோர் குருவின் நிழலை விட்டு நீங்கலாகாது என்றும் மூலாசாரம் விதிக்கின்றது. தனிமை எல்லோருக்கும் எப்போதும் நன்மை தரும் மருந்தன்று. தன் மனம் போனபடி திரிவதற்காகச் சங்கத்தை விட்டு விலகுவது வீழ்ச்சிக்கே வழி. இல்லறத்தார்க்கும் இதுவே விதி. கட்டுப்பாட்டை விட்டு ஓடுவதற்காகச் செய்யும் பயணம் வேறு. கட்டுப்பாட்டை உடன்கொண்டு, தன்னைச் சோதிப்பதற்காகச் செய்யும் பயணம் வேறு.

பெண்களைப் பொறுத்தவரை நம் மரபு அஞ்சியொடுங்கிய மரபன்று. வந்தவாசிக்கு அருகில் உள்ள வேடலில் கனகவீரக் குரத்தியார் என்னும் பெண் துறவியார் பெருங்கூட்டத்திற்குத் தலைமை தாங்கினார் என்பதைச் சோழர் காலக் கல்வெட்டு நமக்கு உரைக்கின்றது. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பலரின் பெயர்கள் உள்ளன. ஊர்விட்டு ஊர் சென்று அறம் உரைத்த பெண்கள் வாழ்ந்த நாடு இது.

சிலப்பதிகாரத்துக் கவுந்தியடிகளையும் நினைவுகூர்வோம். காவிரிக் கரைச் சோலையில் தனித்துத் தவமிருந்த அவர், மதுரையில் அறவுரை கேட்கவும் அருகனை வணங்கவும் முன்னமே விரும்பியிருந்தார். வழியறியாத இளந்தம்பதியர் வந்தபோது, அவர்களோடு தாமும் புறப்பட்டார். வயல்வழியே செல்கையில் நண்டும் நத்தையும் மிதிபடுமே, மலர்களில் மொய்க்கும் வண்டுகளுக்குத் துன்பம் நேருமே என்று எடுத்துக்கூறி அவர்களை நடத்திச் சென்றார். தனித்து வாழப் பழகியவரே பிறர்க்கு நல்ல வழித்துணை ஆகின்றார் என்பது என் கருத்து. பிறரைப் பற்றிக்கொண்டே நடப்பவர் ஒருவரைத் தாங்க நேர்ந்தால் இருவரும் விழுவர்.

எல்லை வகுத்துச் செல்க

நம் அறம் பயணத்திற்கும் ஓர் ஒழுங்கு வகுத்துள்ளது. குணவிரதங்களுள் திக்விரதம் என்பது ஒவ்வொரு திசையிலும் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்லேன் என்று வாழ்நாள் எல்லை வகுத்துக் கொள்வது. தேசவிரதம் என்பது குறித்த காலத்திற்கு அவ்வெல்லையை மேலும் சுருக்கிக் கொள்வது. ஊர் சுற்றிக் களிப்பதே நோக்கமாகப் பயணங்கள் பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்விரதங்களின் தேவை மிகுந்துள்ளது. எங்கும் செல்லலாம் என்பவர் எங்கும் அமர்வதில்லை. ஆகவே, தனிவழி செல்ல விரும்புவோர்க்குச் சில கூறுகின்றேன்.

முதலாவதாக, அண்மையிலிருந்து தொடங்குங்கள். குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகள் விளங்கும் பொன்னூர் மலைக்கோ, திருநறுங்கொண்டைக்கோ, மேல்சித்தாமூருக்கோ, திருப்பருத்திக்குன்றத்திற்கோ ஒரு நாள் தனியே சென்று வாருங்கள். காலையில் சென்று, பகலுணவை உடன் எடுத்துச் சென்று உண்டு, பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிடலாம்.

இரண்டாவதாக, செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் மறைவின்றிக் கூறிச் செல்லுங்கள். அவர்களுடைய அச்சத்தை அற்பம் என்று கருதாதீர்கள். பிறர் உள்ளத்தில் கவலையை விளைத்துவிட்டு நாம் அமைதி தேடுவதும் இம்சையே. உடல்நலம் இடந்தராதபோது பிடிவாதம் வேண்டாம். அச்சம் தரும் இடத்தில் உதவி கேட்பதற்கு நாணவும் வேண்டாம்.

மூன்றாவதாக, புறப்படும்போதே ஒரு சிறிய நியமத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இன்று கைப்பேசி என்னும் கூட்டம் எல்லோருடைய பையிலும் இருக்கின்றது. அவசரத்திற்கு அதனை வைத்துக்கொள்ளுங்கள். ஜினாலயத்தினுள் நுழைந்தது முதல் இரண்டு நாழிகை, அதாவது 48 நிமிடம், அதனை அணைத்துவிட்டுச் சாமாயிகத்தில் அமருங்கள். படம் எடுத்து அனுப்பும் எண்ணம் உள்ளவரை நாம் தனியே வந்தவர்கள் ஆகோம்.

நான்காவதாக, திரும்பி வந்தபின் தனியே சென்று வந்த பெருமையைப் பேசாதீர்கள். மானத்தை வென்றுவரச் சென்று, புதியதொரு மானத்தைச் சுமந்து வருவது பேதைமை. சென்றதன் பயன் வீட்டில் தெரிய வேண்டும். மகன் மருமகளிடம் எதிர்பார்ப்புக் குறைந்திருக்க வேண்டும். அன்பு குறையாதிருக்க வேண்டும். நான் திரும்பி வந்தபோது, உடன் வர இயலாமற் போனதற்காக மகன் வருந்தினான். "நீ வராததும் நன்மையாகவே முடிந்தது" என்றேன். அதனைச் சினமின்றிச் சொல்ல முடிந்ததே அம்மலை எனக்குத் தந்த பரிசு.

இறுதிப் பயணம்

செஞ்சிக்கு அருகில் உள்ள திருநாதர் குன்றைப் பலரும் கண்டிருப்பீர்கள். ஒரே பாறையில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களும் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ள இடம். அங்கு ஒரு பழங்கல்வெட்டு உண்டு. சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாட்கள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்பது அதன் செய்தி. மற்றொரு கல்வெட்டு, இளையபடாரர் 30 நாட்கள் நோற்று முடித்ததைக் கூறுகின்றது. பெயரும் நாளும் தவிர அக்கல்வெட்டுகளில் வேறு புகழுரை ஏதும் இல்லை. அவர்கள் அருகே சீடர்கள் இருந்திருக்கலாம், மந்திரம் ஓதியிருக்கலாம். ஆயினும், அந்த ஐம்பத்தேழு நாட்களில் ஒரு நாளையேனும் அவருக்காக வேறொருவர் நோற்றிருக்க இயலாது.

நம் ஒவ்வொருவருக்கும் அப்படியொரு பயணம் காத்திருக்கின்றது. எழுபதைக் கடந்த நான் அதனை அச்சத்தோடு நினைத்த காலம் உண்டு. அந்தப் பயணத்திற்கு மகனை அழைத்துச் செல்ல இயலாது. பெட்டியில் சேர்த்த பணத்தையும் எடுத்துச் செல்ல இயலாது. என்றேனும் ஒரு நாள் செய்தே ஆக வேண்டிய அத்தனிப் பயணத்திற்கு, உடலில் வலிமை இருக்கும்போதே சிறிது சிறிதாகப் பழகிக் கொள்வது அறிவுடைமை அன்றோ? ஒரு நாள் தனியே பொன்னூர் மலை ஏறுவதும், ஒரு மாலைப்பொழுது வீட்டிலேயே தனித்து அமர்ந்து சாமாயிகம் செய்வதும் அதற்கான பயிற்சிகளே.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை ஜினாலயத்தில் ஒரு பெண் தனியே வரக் கண்டால் அவரிடம் இரக்கம் காட்டாதீர்கள். நீரும் உணவும் வேண்டுமா என்று கேளுங்கள். தங்க இடம் வேண்டுமானால் கொடுங்கள். பின்னர், அவர் பகவானின் திருமுன் தனித்து அமர்ந்திருக்க விட்டு, ஓசையின்றி விலகி வாருங்கள். அதுவே நீங்கள் அவருக்குச் செய்யும் பேருதவி.

எல்லா உயிர்களும் தத்தம் வழியில் இடையூறின்றி நடந்து, நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளைப் பெற்றுய்வதாக! என் உரையில் பிழையிருப்பின் சான்றோர் பொறுத்தருள வேண்டுகின்றேன்.

வாழ்க ஜினதர்மம்! வளர்க அறம்!